சைக்கிள் சக்கரத்தில் நிப்பிள் உடைந்தால்: பினாங்கில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெலுக் பாஹாங்கிலிருந்து மலையேறி, தீத்தி கெராவாங் தாண்டி, பாலிக் புலாவ் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் சக்கரம் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. நிறுத்திப் பார்த்தால், ஸ்போக் கம்பி ஒன்று ரிம்மை விட்டு விலகித் தொங்குகிறது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பியையும் ரிம்மையும் சேர்த்துப் பிடித்திருந்த நிப்பிள்தான் தலை முறிந்து போயிருந்தது.

அதே சக்கரத்தில் அடுத்த ஐந்து வாரத்துக்குள் இன்னும் மூன்று நிப்பிள்கள் உடைந்தன. முதல் மூன்று முறையும் கடைக்குத்தான் போனேன். கூலி 35 ரிங்கிட், டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயருக்கான ரிம் டேப்பும் சீலன்ட்டும் (ஓட்டையை அடைக்கும் திரவம்) 40, நிப்பிள் 2 என்று ஒவ்வொரு முறையும் 77 ரிங்கிட். மூன்று முறைக்கு 231 ரிங்கிட். நான்காவது உடைந்தபோது சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போனேன். நாற்பது வருடமாகச் சைக்கிள் வேலை பார்த்த ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார். சக்கரத்தை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உடைஞ்ச துண்டு எங்கம்மா? அதப் பாக்காம நான் என்னத்தச் சொல்றது?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே விஷயம் தெரிந்திருக்கும். என் சக்கரத்தின் கம்பிகள் எல்லாமே வேண்டியதைவிட ஏறக்குறைய 3 மி.மீ. குட்டை. நிப்பிளை எத்தனை முறை மாற்றினாலும் உடையத்தான் செய்யும்.

நீங்கள் இப்போதுதான் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருந்தால், அந்த 231 ரிங்கிட்டும் ஐந்து வாரமும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நிப்பிள் என்பது ஸ்போக் கம்பியின் முனையில் ஏறும் சின்ன நட்டு. கம்பியின் ஒரு முனை நடுவில் உள்ள ஹப்பில் கொக்கிபோல் மாட்டியிருக்கும், மறுமுனை ரிம்மில் நிப்பிளுக்குள் திருகியிருக்கும். இந்த அளவு தெரிந்தால் போதும், வேலையை ஆரம்பிக்கலாம்.

1. வழியில் உடைந்தால்: ஓட்டலாமா, தள்ளலாமா

முதலில் சைக்கிளை நிழலில் நிறுத்தி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். டயர் எங்காவது சட்டத்தில் உரசுகிறதா? ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் கட்டை உரசுகிறதா? கட்டை உரசினால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி விடலாம். ஆனால் அதன் பிறகு அந்தப் பிரேக்கை நம்பி இறக்கத்தில் இறங்கக் கூடாது. டிஸ்க் பிரேக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. சக்கரம் கொஞ்சம் ஆடினாலும் பிரேக் பிடிக்கும்.

தொங்கும் கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். கேபிள் டை இல்லையென்றால் ஒட்டு டேப், அதுவும் இல்லையென்றால் ரப்பர் பேண்டு போதும். கம்பி சங்கிலிக்குள்ளோ கியர் செட்டுக்குள்ளோ போய்ச் சிக்கினால்தான் பெரிய ஆபத்து.

32 அல்லது 36 கம்பி உள்ள சக்கரத்தில் ஒன்று போனால், சமதரையில் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். 20 அல்லது 24 கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் சுமக்கும் பாரம் அதிகம். ஒன்று போனாலே சக்கரம் மோசமாகக் கோணும், அதனால் ஓட்டாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு உடைந்தாலும் ஓட்டாதீர்கள். முன்சக்கரமாக இருந்தால், கம்பி எத்தனை இருந்தாலும் இறக்கத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பாலிக் புலாவ் பக்கம் மாட்டிக்கொண்டால் கிராப்பில் ஆறு பேர் உட்காரும் வண்டியைக் கூப்பிடுங்கள். இரண்டு சக்கரத்தையும் கழற்றி வைத்தால் சைக்கிள் உள்ளே போய்விடும். வண்டி ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் சைக்கிள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் இரண்டு படம் எடுங்கள்: முழுச் சக்கரம் ஒன்று, உடைந்த இடத்தைக் கிட்டத்தில் ஒன்று. உத்தரவாதம் கேட்கப் போனால் தேதியோடு இருக்கும் இந்தப் படங்கள்தான் உங்கள் கையில் உள்ள முதல் ஆவணம்.

2. உடைந்தது நிப்பிள்தானா?

கடைக்குப் போய் 'ஸ்போக் போச்சு' என்று சொன்னால் கம்பி மாற்றும் வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கூலி வேறு. அதனால் முதலில் நீங்களே பாருங்கள்.

கம்பி உடைந்திருந்தால், பெரும்பாலும் ஹப் பக்கம் வளைந்திருக்கும் இடத்தில் முறிந்திருக்கும். அப்படியானால் கம்பி இரண்டு துண்டாகிவிடும், ரிம் பக்கத்து நிப்பிள் முழுசாக இருக்கும். நிப்பிள் உடைந்திருந்தால் கம்பி முழுசாக இருக்கும். ஹப்பில் மாட்டியபடி, ரிம் பக்கத்து முனை மட்டும் விடுபட்டுத் தொங்கும். அந்த முனையில் நிப்பிளின் அடிப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சக்கரத்தைச் சுற்றும்போது ரிம்முக்குள் 'கலகல' என்று கேட்டால், அது முறிந்த தலை.

இன்னொரு வகையும் உண்டு. நிப்பிள் முழுசாக ரிம்மிலேயே இருக்கும், கம்பி மட்டும் உருவிக்கொண்டு வந்திருக்கும். மரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக, இதை யாரும் விட்டுவிடாதீர்கள்: ரிம்மில் நிப்பிள் துளைகளைச் சுற்றி மெல்லிய கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாத் துளைகளையும் பார்க்க வேண்டும். துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடிப்பு ஓடினால், அல்லது துளை ஓரம் வெளியே புடைத்திருந்தால், ரிம்மின் ஆயுள் முடிந்தது. அதில் நிப்பிள் மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

3. உடைந்த துண்டைப் பாருங்கள்

எல்லா வேலையிலும் முக்கியமானது இதுதான். நான் மூன்று முறை கோட்டை விட்டதும் இங்கேதான். தலையையும் அடித்துண்டையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். கடையில் வேலை கொடுத்தாலும் "பழைய துண்டு எனக்கு வேணும் தவுக்கே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எங்கே முறிந்திருக்கிறது?

தலையும் உடலும் சேரும் கழுத்தில் சுத்தமாக முறிந்திருந்தால், முதல் சந்தேகம் கம்பி குட்டையாக இருப்பதுதான். காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சரியான நீளமுள்ள கம்பி நிப்பிளின் தலைக்குள்ளேயே வந்து நிற்கும். அப்போது கழுத்துக்கு உள்ளே எஃகுக் கம்பி இருக்கிறது, இழுவிசையை அது தாங்கிக்கொள்கிறது. கம்பி கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால், அங்கே இருப்பது வெறும் குழாய். நூறு கிலோ இழுவையை அந்த மெல்லிய குழாய் தனியாகத் தாங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இழுவை ஏறி இறங்கும். சில நூறு கிலோமீட்டர் தாங்கும், பிறகு முறியும்.

சரிபார்ப்பது சுலபம். டயரையும் ரிம் டேப்பையும் எடுத்துவிட்டு, உடையாத நிப்பிள்களை டயர் பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தலையில் திருகுளி வைப்பதற்கு ஒரு வெட்டு இருக்கும். கம்பியின் முனை அந்த வெட்டின் அடிமட்டம் வரை வந்திருந்தால் நீளம் சரி. ஒரு மி.மீ. கீழே இருந்தாலும் பரவாயில்லை. ஆழத்தில் இருண்ட ஓட்டை மட்டும் தெரிந்தால் கம்பி குட்டை. ஹப்பின் வலப்பக்கக் கம்பிகளையும் இடப்பக்கக் கம்பிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பின்சக்கரத்தில் இரண்டுக்கும் நீளம் வேறுவேறாக இருப்பது வழக்கம், ஒரு பக்கம் மட்டும் தவறாக இருக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "12 மி.மீ. நிப்பிளுக்குப் பதில் 16 மி.மீ. போட்டால் குட்டைக் கம்பிக்கும் சரியாகிவிடும்" என்று ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். ஆகாது. நீள நிப்பிளின் வால்தான் ஹப் பக்கமாக நீளும். கழுத்து இருக்கும் இடம் மாறாது, அதற்குள் கம்பி அப்போதும் எட்டாது.

வெள்ளைப் பொடி படிந்து, தொட்டால் உதிர்ந்தால் அது அரிப்பு. அலுமினிய நிப்பிளில் வரும். நம் ஊரில் இது அதிகம். கரையோரப் பாதையில் ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் பக்கம் தினமும் ஓட்டினால், உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் ரிம்முக்குள் போய்த் தங்கும். அலுமினியமும் எஃகுக் கம்பியும் உப்புத்தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். கார்பன் ரிம்மோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். டியூப்லெஸ் டயரில் டேப் கசிந்து சீலன்ட் ரிம்முக்குள் இறங்கினாலும் இதே கதை. சில சீலன்ட்டுகளில் உள்ள அம்மோனியா அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நீளவாக்கில் பிளந்திருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது அரிப்பு உள்ளே தொடங்கிவிட்டது. நான்கு மூலையும் மழுங்கி உருண்டையாகியிருந்தால் அளவு தப்பிய சாவி (நிப்பிளைத் திருப்பும் கருவி) போட்டிருக்கிறார்கள். இது உடைசல் இல்லை. ஆனால் அந்த நிப்பிளை இனி சாவியால் திருப்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

4. ஒன்றை மாற்றுவதா, எல்லாவற்றையுமா

பித்தளை நிப்பிள் ஒன்று மட்டும் உடைந்து, மற்ற கம்பிகள் சரியான நீளத்தில் இருந்தால், ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

அலுமினிய நிப்பிளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒரே நாளில் போட்டு, ஒரே காற்றில் கிடந்தவை. ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. மாற்றும்போது பித்தளைக்கு வந்துவிடுங்கள். 32 நிப்பிளுக்கும் சேர்த்துக் கூடும் எடை ஏறக்குறைய 20 கிராம்தான். தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் வேறு சொல்லலாம். பினாங்குக் கடற்கரையில் தினசரி ஓட்டும் சைக்கிளுக்குப் பித்தளைதான் என்பது என் தீர்மானமான கருத்து.

கம்பி குட்டை என்று தெரிந்தால் கம்பியையும் நிப்பிளையும் மொத்தமாக மாற்ற வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். சக்கரம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எனக்கு ஆன செலவு: 32 கம்பி, ஒன்று 3.50 என்று 112 ரிங்கிட். பித்தளை நிப்பிள் 32, ஒன்று 80 சென் என்று 25.60. டேப் 25. ஆக 162.60. பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். கடையில் முழுச் சக்கரம் கட்ட 80 முதல் 120 ரிங்கிட் வரை கூலி சொன்னார்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரமே மலிவானது என்றால், புதுச் சக்கரத்தின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

5. சாமான் வாங்குவது, ரசீது, நாள் கணக்கு

கடைக்குப் போகும்போது உடைந்த துண்டையும் சக்கரத்தையும் கொண்டுபோங்கள். அளவை வாயால் சொல்லி வாங்காதீர்கள். கம்பியின் மரைப் பகுதி பெரும்பாலும் 2 மி.மீ. தடிப்பு, கடைக்காரர்கள் 14 என்பார்கள். மின்சார சைக்கிளிலும் பாரச் சைக்கிளிலும் தடித்த 13 வரும். 13-க்கான நிப்பிளை 14 கம்பியில் போட்டால் ஏறிக்கொண்டது போலத் தோன்றும், இறுக்கும்போது வழுக்கும். ஸ்போக் என்று சொல்லிப் புரியாவிட்டால் 'லிடி' என்று கேளுங்கள். பழைய கடைகளில் அந்த மலாய்ச் சொல்தான் புழக்கம்.

சாவியின் அளவு ரொம்ப முக்கியம். புழக்கத்தில் உள்ளவை 3.23, 3.30, 3.45 மி.மீ. பார்க் டூல் என்ற நிறுவனத்தின் சாவிகளில் இவை முறையே கறுப்பு, பச்சை, சிவப்பு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, நிப்பிளின் மூலைக்குத் தெரியும். சாவியை மாட்டி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒரு அளவு சின்னதை எடுங்கள். எல்லா அளவும் வெட்டியிருக்கும் வட்டச் சாவி மலிவாகக் கிடைக்கும். அவசரத்துக்குப் பையில் வைத்துக்கொள்ளலாம், வீட்டு வேலைக்கு வேண்டாம்.

நான் கொடுத்த விலை: நல்ல சாவி 35 ரிங்கிட், பித்தளை நிப்பிள் 80 சென், டியூப்லெஸ் டேப் ஒரு சுருள் 25. டியூப் போட்ட சக்கரம் என்றால் டேப் செலவே இல்லை, பழைய ரிம் பட்டையையே திரும்பப் போடலாம். இரண்டு நிப்பிள் கூடுதலாக வாங்குங்கள். ஒன்று கட்டாயம் ரிம்முக்குள் விழும்.

ஷோப்பி, லசாடாவில் வாங்கினால் அனுப்புபவர் உள்ளூரா வெளிநாடா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பொட்டலம் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் சைக்கிள் கடைகள் மூடிக் கிடக்கும். அதற்கு முந்திய வாரம் எல்லாரும் வந்து குவிவார்கள், வேலை தங்கும். சக்கரத்தில் சந்தேகம் இருந்தால் அதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

புதுச் சைக்கிள், அல்லது கடையில் கட்டிய சக்கரம் என்றால் ரசீதைத் தேடி எடுங்கள். ரசீது, உத்தரவாத அட்டை, உடைந்த துண்டின் படம், முன்பு செய்த ரிப்பேர் பில்கள் ஆகிய நான்கும் ஒன்றாக இருக்கட்டும். வெப்பக் காகிதத்தில் அச்சிட்ட ரசீது நம் ஊர்ச் சூட்டில் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். பில்லில் 'சர்வீஸ்' என்று மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சக்கரம், எத்தனை நிப்பிள், என்ன உலோகம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். என் மூன்று பில்லிலும் அது இல்லாததால் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்ததை என்னால் காட்ட முடியவில்லை.

கடை பொறுப்பேற்க மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். தனி ஆளிடம் வாங்கிய பழைய சைக்கிளுக்கு இது உதவாது. என்னுடையது அப்படி வாங்கியதுதான்.

6. உடைந்ததை வெளியே எடுப்பது

இங்கிருந்து, நிப்பிள் ஒன்றை மட்டும் நீங்களே மாற்றும் வேலை. முதல் முறை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பழகினால் நாற்பது நிமிடம்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க்கை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தாதீர்கள், கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் திரும்ப நுழையாது. டயரை எடுங்கள், சீலன்ட் இருந்தால் ஒரு டப்பாவில் ஊற்றி வையுங்கள், ரிம் டேப்பை முழுவதும் உரியுங்கள். டேப்பை அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கிழித்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். முறிந்த தலை உள்ளே உருண்டு எங்கேயோ கிடக்கும்போது அது நடக்காது.

அந்தத் தலையை எடுக்கக் காந்தம் தேடாதீர்கள். பித்தளையும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக உருட்டுங்கள். சக்கரத்தின் அடியில் துண்டு ரிம்மின் டயர் பக்கத்துச் சுவரின்மேல் கிடக்கும், ஏதாவது ஒரு துளையைக் கடக்கும்போது விழுந்துவிடும். பழைய துணியை விரித்து அதன்மேல் செய்யுங்கள், இல்லாவிட்டால் தரையில் தேட வேண்டிவரும்.

கம்பி முனையில் ஒட்டியிருக்கும் அடித்துண்டைக் குறடால் பிடித்துத் திருகி எடுங்கள். மரையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மரை நசுங்கியிருந்தால் கம்பியையும் மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் கம்பியைக் கழற்றவே வேண்டாம். நிப்பிள் மாற்றக் கியர் செட்டைக் கழற்ற வேண்டும் என்று தனிக்கூலி கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். கம்பியையே மாற்றும்போதுதான் அது தேவைப்படும்.

7. புதியதைப் போடுவது

இரட்டைச் சுவர் ரிம்மில் (டயர் பக்கம் ஒன்று, ஹப் பக்கம் ஒன்று என்று இரண்டு சுவர்) நிப்பிளை வெளித்துளை வழியாக விட்டு, உள்துளையில் உட்கார வைக்க வேண்டும். விரல் நுழையாது. கை தவறினால் நிப்பிள் உள்ளே விழுந்து திரும்பவும் உருட்டல்தான். இதற்கு இரண்டு வழி. பழைய கம்பித் துண்டு இருந்தால் அதன் மரை முனையை நிப்பிளின் தலைப்பக்கத்திலிருந்து இரண்டு சுற்று திருகி, கைப்பிடிபோல வைத்துக்கொள்ளுங்கள். கம்பி இல்லையென்றால் சாத்தே குச்சி. கூர்முனையைத் தலையின் ஓட்டையில் அழுத்தினால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். நான் எப்போதும் குச்சிதான் பயன்படுத்துகிறேன்.

கம்பியின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய், நிப்பிள் உட்காரும் ரிம் துளையில் ஒரு சொட்டு. உலர்ந்த நிப்பிளை இறுக்கினால் மூலை மழுங்கும், கம்பி முறுக்கிக்கொள்ளும். ரிம் பிரேக் என்றால் பக்கச் சுவரில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குச்சியால் நிப்பிளை உள்ளே விட்டு, கம்பியை அதன் வாய்க்கு நேராகப் பிடித்து, குச்சியைச் சுழற்றுங்கள். மரை பிடித்ததும் குச்சியை உருவிவிட்டு, திருகுளியால் தொடருங்கள். அதே பக்கத்துப் பழைய கம்பிகளில் நிப்பிளுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறதோ அதே அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். இனி சாவி.

திசையில்தான் புதியவர்கள் எல்லாரும் தடுமாறுகிறோம். டயர் பக்கத்திலிருந்து நிப்பிளின் தலையைப் பார்த்தால், கடிகாரம் சுற்றும் திசையில் இறுகும். ரிம்மின் அடிப்பகுதியை மேலிருந்து, கம்பிகளுக்கு நடுவே குனிந்து பார்க்கும்போது இது தலைகீழாகத் தெரியும். ஆகவே வேலை செய்யும் இடம் எப்போதும் சக்கரத்தின் உச்சியில் இருக்கட்டும். மேலிருந்து பாருங்கள், குழப்பம் வராது.

8. கோட்டம் எடுப்பது

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தை மாட்டுங்கள். டயர் இப்போது வேண்டாம். சட்டத்தின் இரண்டு பக்கத் தண்டிலும் ஒரு கேபிள் டை கட்டி, வாலை ரிம்மைத் தொடும் தொலைவுக்கு வெட்டுங்கள். கோட்டம் பார்க்கும் ஸ்டாண்டு தயார்.

முதலில் புது நிப்பிளைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் விரலால் கம்பியைச் சுண்டிப் பாருங்கள். தம்புராக் கம்பிபோல ஒரு சுருதி கேட்கும். அதே பக்கத்துக் கம்பிகளின் சுருதிக்கு இது வர வேண்டும். எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடாதீர்கள். பின்சக்கரத்தில் கியர் பக்கக் கம்பிகள் அதிகம் இறுகியிருக்கும், சுருதியும் கூடுதலாக இருக்கும். நிப்பிள் உடைந்த பிறகு வேறு யாரும் சக்கரத்தைத் தொடாமல் இருந்தால், இந்த ஒரு கம்பி சரியான இறுக்கத்துக்கு வந்ததுமே சக்கரம் ஏறக்குறைய நேராகிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், நிப்பிள் இல்லாத நிலையில் 'இப்போதைக்கு' என்று மற்ற கம்பிகளை இறுக்கி நேராக்கித் தர யாரையும் விடாதீர்கள். எனக்கு இரண்டாம் முறை அப்படித்தான் செய்தார்கள். பக்கத்துக் கம்பிகள் அளவுக்கு மீறி இறுகின, அடுத்த உடைப்பு அங்கேதான் வந்தது.

மிச்சமுள்ள ஆட்டத்துக்கு: ரிம் வலப்பக்கம் சாய்ந்து கேபிள் டையைத் தொடும் இடத்தில், ஹப்பின் இடப்பக்கத்துக்குப் போகும் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள், வலப்பக்கத்துக்குப் போகும் கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். சுற்றிப் பாருங்கள். மறுபடியும். ஒரே தடவையில் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஆட்டம் அரை மி.மீ.க்குள் வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழகு பார்க்கப் போய் நன்றாக இருந்ததைக் கெடுத்தவர்கள் பலர்.

கம்பி சாவியோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போய், திரும்பக் கொஞ்சம் பின்னால் வந்தால் முறுக்கு விடும். தட்டைக் கம்பி என்றால் குறடில் துணி சுற்றி அதைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும், ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் சேர்த்து அழுத்துங்கள். ஏதாவது 'டிக்' என்று கேட்டால் அது முறுக்கு விடும் சத்தம், பயப்பட வேண்டாம். திரும்ப ஒரு முறை ஆட்டத்தைப் பாருங்கள்.

இறுக்கத்தை எண்ணாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், அளவி வைத்திருக்கும் கடையில் ஐந்து நிமிட வேலை. பல ரிம்களில் உச்ச அளவு 100 முதல் 120 கிலோவுக்குள் இருக்கும். உங்கள் ரிம்முக்கு ஒட்டுத்தாளிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதைத் தாண்டாதீர்கள்.

9. மூடுவது, பிறகு திரும்பப் பார்ப்பது

டியூப் போடும் சக்கரம் என்றால் பட்டையைப் போட்டு, எல்லா நிப்பிள் துளையும் மூடியிருக்கிறதா என்று பார்த்து, டயரை ஏற்றுங்கள்.

டியூப்லெஸ் என்றால் அவசரப்படாதீர்கள். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுங்கள். ரிம்முக்குள் ஈரம் இருந்தால் ஒரு இரவு மின்விசிறியின் முன் வையுங்கள். நம் காற்றில் ஈரம் தானாகக் காயாது. காயாத ரிம்மில் டேப் ஒட்டாது, ஒட்டாத டேப் வழியே சீலன்ட் இறங்கும், அது புதிய நிப்பிளையும் அரிக்கும். டேப்பை இழுத்துப் பிடித்தபடி ஒட்டி, வால்வுத் துளை இருக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படும்படி முடியுங்கள். டியூப் ஒன்றை உள்ளே வைத்துக் காற்றடித்து ஓர் இரவு விட்டால் டேப் நன்றாகப் படியும். மறுநாள் டியூபை எடுத்துவிட்டு சீலன்ட் ஊற்றலாம். ஆகவே சனிக்கிழமை மாலை வேலை ஆரம்பித்தால் திங்கள் காலைதான் சைக்கிள் கையில் கிடைக்கும். ஞாயிறு காலைச் சவாரிக்கு யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சைக்கிளை நிமிர்த்தியதும் பிரேக் பிடியை நாலைந்து முறை அழுத்துங்கள். எண்ணெய்ப் பிரேக் கவிழ்ந்து கிடந்த பிறகு முதலில் மெத்தென்று இருக்கலாம். அழுத்தம் வராவிட்டால் ஓட்டாதீர்கள்.

முதல் ஓட்டம் வீட்டுப் பக்கத்திலேயே பத்து கிலோமீட்டர், சமதரையில். திரும்பி வந்து ஆட்டத்தைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஆனதும் எல்லாக் கம்பியையும் ஒரு முறை சுண்டிப் பாருங்கள், புது நிப்பிளின் சுருதி இறங்கியிருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். அதே நிப்பிள் திரும்பத் தளர்ந்தாலோ, வேறொன்று உடைந்தாலோ மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். நான்காவது உடையும் வரை காத்திருக்க வேண்டாம்.

கடலோரம் ஓட்டிய அன்று மாலை சக்கரத்தை நல்ல தண்ணீரால் கழுவி, வால்வு கீழே வரும்படி பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடும். சைக்கிள் பையில் இரண்டு பித்தளை நிப்பிள், உங்கள் அளவுச் சாவி, நாலு கேபிள் டை, ஒரு சாத்தே குச்சி. நிப்பிள்களைச் சின்ன டப்பாவில் போட்டு, கம்பியின் நீளத்தை வலது, இடது என்று தனித்தனியாக எழுதி அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள்.